வெளிவீதியில் நின்ற சித்தப்பா

தயாளினியின் விசாரணை நிலையத்துக்குப் படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள். பொடியன் குடிக்கிறானா, லண்டனில் ஏற்கெனவே ஒருத்தியை வைத்திருக்கிறானா, சொன்ன வேலைதான் பார்க்கிறானா என்று கேட்பார்கள். பதில் கிடைத்ததும் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுவார்கள். பழிவாங்க வேண்டும் என்று வாய்திறந்து சொல்லிக்கொண்டு வந்தவள் சாருஜா ஒருத்திதான். கனிசியஸுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

கனிசியஸ் குருநகரான், கத்தோலிக்கன். கடல் ஒத்துவராமல் ஓட்டோ வாங்கியவன், தயாளினியை ஊரெல்லாம் ஏற்றி இறக்கி, கடைசியில் அவளுக்கு உதவியாளன் ஆகிவிட்டான். ஆட்களிடம் வாய்கொடுத்து விசயம் பிடுங்குவதில் அவனை அடிக்க ஆளில்லை. சிக்கல் என்னவென்றால், விசயம் கிடைத்த பிறகும் அந்த வாய் மூடாது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது நிலையத்தின் கந்தோர். கீழே கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்துக்கு மேலாகத்தான் எல்லோரும் தங்கள் துக்கத்தைச் சொல்ல வேண்டும். சாருஜாவுக்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை. சுவிஸில் இருந்து வந்து இறங்கிய களைப்பு முகத்தில் இருந்தாலும் குரல் உறுதியாக இருந்தது. பக்கத்துக் கதிரையில் புருசன் சுபாஸ்கரன், வெள்ளைச் சேட்டு, சாதுவான முகம். படியேறி வரும்போதே கனிசியஸுக்கு ரோல்ஸ் இரண்டு வாங்கி வந்திருந்தான். அதனால் அவனையும் கனிசியஸுக்குப் பிடித்துப்போனது.

கதை இதுதான். சாருஜாவின் தகப்பன் மார்க்கண்டு இணுவிலான். சுவிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக் கழுவி இணுவிலில் வளவு வாங்கி, வீடு கட்டி, கிணறு வெட்டினவர். அந்த வீட்டில் ஓர் இரவுகூடப் படுக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று தம்பி குகதாசனுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தார், அதாவது தன் பெயரில் கையெழுத்து வைக்கும் அதிகாரம். வேலியே பயிரை மேய்ந்தது. தம்பி வளவைக் குத்தகைக்கு விட்டுக் காசைத் தானே எடுத்துக்கொண்டார். அண்ணன் கேட்டார், சண்டை வந்தது, அற்றோணியை ரத்துச் செய்ய மார்க்கண்டு விமானச்சீட்டும் எடுத்துவிட்டார். போன ஆவணியில், புறப்பட இருந்த கிழமையில், நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

தகப்பனின் உடல் அங்கே குளிர் அறையில் கிடந்தபோது, இங்கே குகதாசன் அந்த அற்றோணியைக் கொண்டே வீட்டையும் வளவையும் தன் மகளைக் கட்டிய மருமகன் டிலக்ஷனுக்கு விற்பனை உறுதி எழுதி முடித்துக் கொடுத்துவிட்டார். தாய் முன்னமே இறந்துபோனதால் சாருஜா ஒருத்திதான் உரித்துக்காரி. அவளுக்கு இது தெரியவந்ததே தகப்பனின் சொத்துக்கு நீதிமன்றத்தில் மனுப்போட ஆயத்தம் செய்தபோதுதான்.

அவளுடைய சட்டத்தரணி அருட்செல்வன் நிலைமையை விளக்கியிருந்தான். அற்றோணி கொடுத்தவர் கண்ணை மூடினால் அற்றோணியும் அவரோடு செத்துப்போகும். ஆனால் குகதாசன், அண்ணன் இறந்தது தெரியாமல் நல்ல மனதோடு செய்தேன் என்று நிற்கிறார். அப்படி நின்றால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், எந்தப் பக்கம் சாயும் என்றும் சொல்ல முடியாது. தெரிந்துகொண்டே செய்தார் என்று காட்டினால் அந்த உறுதி செல்லாது, அவர் மறியலில் கம்பி எண்ணவும் வேண்டி வரலாம்.

"காணி எனக்கு வேணும்," என்றாள் சாருஜா. "அதைவிட எனக்கு வேண்டியது வேறை. அப்பா பெட்டிக்குள்ளை கிடக்கேக்கை அப்பாவின்ரை பேரிலை ஒப்பம் வைச்சவர். தெரிஞ்சுதான் வைச்சனான் எண்டு அவற்றை வாயாலை நான் கேக்கவேணும். நாலு பேருக்கு முன்னாலை கேக்கவேணும். அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை."

சுபாஸ்கரன் மெல்லிய குரலில் சமாதானம் சொன்னான். வழக்கென்று போனால் வயதுதான் போகும், பாதிக்குப் பாதி பேசித் தீர்க்கலாம், சித்தப்பாவும் முழங்கால் ஏலாத மனிதர், அவரைக் கோட்டுப்படி ஏற்றி இறக்கி என்ன காணப்போகிறோம் என்றான். சாருஜா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. நல்ல மனுசன், பொல்லாத மனுசியிடம் மாட்டிக்கொண்டான் என்று கனிசியஸ் ரோல்ஸை மென்றுகொண்டு நினைத்தான்.

சித்தப்பாவோடு கடைசியாகப் பேசியது எப்போது என்று தயாளினி கேட்டாள். சண்டை வந்த நாளிலிருந்து தங்கள் வீட்டில் ஒருவரும் அவரோடு கதைப்பதில்லை, ஊரில் வேறு எவரோடும் தொடர்பில்லை, இந்தமுறை வந்தும் இணுவில் பக்கம் இன்னும் போகவில்லை என்றாள் சாருஜா. சுபாஸ்கரனும் தலையை ஆட்டினான். தகப்பன் இறந்ததை ஊருக்கு அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. தகனம் முடிந்த பிறகுதான் இணையத்தில் மரண அறிவித்தல் போட்டாள். அதைப் பார்த்துத்தான் தனக்கே தெரியும் என்று குகதாசன் சொல்கிறார்.

"நீங்கள் மூடிவைச்சதே அவருக்கு வசதியாப் போச்சு," என்றாள் தயாளினி. சாருஜாவின் கண் சிவந்தது. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

*

இணுவிலில் குகதாசன் அவர்களை முகம் மலர வரவேற்றார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராக்கம், கையில் இரண்டு வாளி. கிணற்றடியிலிருந்து தண்ணீர் அள்ளிக்கொண்டு வாழைக்குப் போனவர், வாளிகளை இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குச் சொன்னார். தயாளினி தான் யார், எதற்காக வந்தேன் என்று மறைக்காமலே சொன்னாள். அவரும் கோபப்படவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தேனாக ஒழுகியது. அண்ணை தனக்குத் தகப்பன் மாதிரி என்றார். வீட்டை விற்கச் சொன்னதே அண்ணைதான் என்றார். தெரிந்திருந்தால் கை ஒப்பம் வைக்குமா என்று கேட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கனிசியஸ் அந்தக் கண்ணீரை நம்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். இந்த மனிதர் சோற்றையும் மறைக்கிறார்.

தயாளினியோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறாந்தைச் சுவர் நீளத்துக்குச் சட்டம் போட்ட படங்கள். ஊர்ப் பிள்ளையார் கோயிலில் வேட்டைத் திருவிழா இவர்கள் குடும்பத்தின் உபயம். ஒவ்வொரு வருடமும் உபயகாரராகத் தலைப்பாகையோடு ஐயருக்குப் பக்கத்தில் நின்று, பிறகு முன்கொம்பில் சாமி தூக்குகிற குகதாசன். படங்களில் அவருடைய மயிர் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் படத்தில் மட்டும் அந்தத் தலைப்பாகையோடு நின்றவன் மருமகன் டிலக்ஷன்.

"போன வருசம் நீங்கள் நிக்கேல்லையோ ஐயா?" என்று கேட்டாள்.

"முழங்கால் பிள்ளை. எழும்பேலாமல் போச்சு," என்றார் அவர்.

திரும்பி வரும்போது கனிசியஸ் ஓட்டோவை உறுமவிட்டபடி சொன்னான்: "அக்கா, உவர் முழங்கால் ஏலாமல் ரெண்டு வாளி தூக்கிறார். எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு, ஒரு வாளிக்கே நான் ஆள் தேடுவன்."

தயாளினி சிரிக்கவில்லை. கோயில் முகாமையாளர் வீட்டில் நிறுத்தச் சொன்னாள். அவர் சொன்னது விசித்திரமாக இருந்தது. குகதாசனுக்கு முழங்கால் வருத்தம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போன வருட வேட்டைத் திருவிழா, உறுதி முடித்ததற்கு முதல் நாள். அன்று காலையில் மருமகன் ஓடிவந்து, மாமாவுக்கு முழங்கால் ஏலாது, நான் நிற்கிறேன் என்று சொன்னானாம். ஊரில் வேறு எவருக்கும் அது தெரியாது. முகாமையாளர்கூட வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. மருமகனைப் பழக்கி எடுக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டாராம்.

அங்கிருந்து வெளிக்கிட்டபோது தயாளினி தன் கைத்தொலைபேசியைத் தோண்டத் தொடங்கினாள். வெளிநாட்டுச் சனம் பார்க்கவென்று இப்போது சின்னக் கோயில்கள்கூடத் திருவிழாவை நேரலையாக விடுகின்றன, பிறகு அது அப்படியே இணையத்தில் கிடக்கும். போன வருட வேட்டைத் திருவிழாவும் கிடந்தது. அவள் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க, கனிசியஸ் தன் சொந்தப் பிரச்சினையை எடுத்தான். அடுத்த நாள் அவனுக்கு லீவு வேண்டும்.

"அன்ரி செத்து நாளைக்கு முப்பத்தோராம் நாள் அக்கா. கோயிலுக்குப் போகாட்டி அம்மா என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டா. எங்கடை பக்கம் ஆரும் செத்தால் கோயிலிலைதான் கிடப்பம்."

தயாளினி தலையை நிமிர்த்தினாள். "எங்கடை பக்கம் ஆரும் செத்தால் கோயில் வாசலும் மிதிக்கமாட்டம்," என்றாள். பிறகு ஓட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

அவள் விளக்கியது கனிசியஸுக்குப் பாதி தெரிந்த விசயந்தான். சைவ வீட்டில் சாவு விழுந்தால் துடக்கு. தகப்பன்வழி இரத்த உறவுக்காரர் முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயிலுக்குள் போகமாட்டார்கள், விபூதி வாங்கமாட்டார்கள், சாமி தூக்குவதைப் பற்றி நினைக்கவே மாட்டார்கள். பெண்ணைக் கட்டிய மருமகனுக்கு அந்தத் துடக்கு இல்லை. அவனுக்குத் தெரியாத மீதிப் பாதியை அவள் இப்போதுதான் சொன்னாள். தூர தேசத்தில் சாவு நடந்தால், துடக்கு செத்த நேரத்திலிருந்து தொடங்காது. செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும்.

"தெரியாதவனுக்குத் துடக்கில்லை, கனி," என்றாள் தயாளினி. "உவர் அண்டு துடக்குக் காத்தவர். எண்டால் செய்தி அண்டே காதிலை விழுந்திட்டுது."

கனிசியஸ் யோசித்தான். ஒரு இடத்தில் இடித்தது. ஒருவருக்கும் தெரியாத சாவு என்றால், பேசாமல் கோயிலுக்குள் போய்ச் சாமியைத் தூக்கியிருக்கலாமே, ஆர் கண்டது என்று கேட்டான்.

"ஆர் கண்டதோ? பிள்ளையார் கண்டவர். அண்ணன்ரை மகளை ஏமாத்தலாம், சட்டத்தை ஏமாத்தலாம், துடக்கோடை சாமிக்குத் தோள் குடுத்தால் குடும்பமே அழியும் எண்டு பயம். எங்கடை ஆக்களின்ரை நேர்மை உந்த இடத்திலைதான் குடியிருக்கு."

வேறு துடக்காக இருக்கக்கூடாதே என்று ஐயருக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். அந்த மாதம் குகதாசன் பகுதியில் வேறு சாவும் இல்லை, பிள்ளைப்பேறும் இல்லை. பிறகு கைத்தொலைபேசியைக் கனிசியஸிடம் நீட்டினாள். நேரலையில் சாமி வெளிவீதிக்கு வந்துகொண்டிருந்தது. சனம் கைகூப்பி முன்னுக்கு நெருக்குகிறது. ஒரே ஒரு மனிதர் மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதிர்ப்பக்கமாக விறுக்கென்று நடந்து, ஐஸ்கிறீம் வானுக்குப் பின்னால் மறைகிறார். முழங்கால் ஏலாத மனிதருக்கு அந்த நடை அதிகம்.

கனிசியஸ் மனிதரைப் பார்க்கவில்லை, அந்த வண்டியைப் பார்த்தான். ரோசாப்பூ நிறம், பக்கவாட்டில் மாதா படம். அது அவனுடைய மச்சான் ஜெரிசனின் வான்.

*

ஐஸ்கிறீம் வான்காரர்களுக்குச் சாதி சமயம் கிடையாது, திருவிழா எங்கேயோ அங்கே அவர்கள். ஜெரிசனை அரியாலையில் ஒரு அம்மன் கோயில் வீதியில் பிடித்தார்கள். பின்னேர வெயிலில் பிள்ளைகள் வானை மொய்த்துக்கொண்டு நின்றன. கனிசியஸ் தனக்கொரு கோன் வாங்கி, காசு கொடுக்காமல், கதையைத் தொடங்கினான்.

ஜெரிசனுக்கு அந்த மனிதரை நல்ல ஞாபகம். ஜெனரேற்றருக்கும் மதிலுக்கும் இடையில், புகைக்குள் நின்றாராம். வெளியே வாங்கோ ஐயா, மூச்சடைக்கும் என்று இவன் சொல்லியும் கேட்கவில்லை. சும்மா நிற்கக் கூச்சப்பட்டோ என்னவோ ஒரு கோன் வாங்கினார், ஆனால் வாயில் வைக்கவில்லை. மேளம் கிட்ட வர வர அழத் தொடங்கினார். கோனையும் பிடித்துக்கொண்டு கைகூப்பினதில் ஐஸ்கிறீம் உருகி முழங்கைவரை வழிந்தது. விபூதித் தட்டோடு ஒரு ஆள் அந்தப் பக்கம் வந்தபோது, மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் நினைச்சன் தட்டுக்காரனுக்கு உவர் கடன் எண்டு," என்றான் ஜெரிசன். "பிறகு கேட்டன், ஏன் ஐயா அழுறியள் எண்டு. அண்ணை செத்துப்போட்டார் தம்பி எண்டார். ஐஸ்கிறீம் விக்கிறவனுக்குச் சொன்னால் ஊருக்குத் தெரியாதெண்டு நினைச்சிருப்பார்."

கனிசியஸின் கையிலிருந்த கோனும் வழியத் தொடங்கியது. அண்ணனுக்காக அழுத கண்ணீர் உண்மை. அந்தக் கண்ணீர் காய முன்னம், மறுநாள் போய் அண்ணன் பெயரில் கையெழுத்து வைத்ததும் உண்மை. வெறும் கள்ளனாக இருந்திருந்தால் கனிசியஸுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அழுதுவிட்டுச் செய்தவனை எப்படி மன்னிப்பது?

அருட்செல்வனிடம் விசயத்தைக் கொண்டுபோனபோது அவன் மகிழ்ந்தான், ஆனால் தலையையும் சொறிந்தான். ஐஸ்கிறீம்காரர் வருடத்துக்கு முந்திய ஒரு பேச்சைச் சொன்னால், எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி அவரைக் கூண்டிலேயே உருக்கிவிடுவார் என்றான். முழங்கால் என்ற மறுமொழியும் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. குகதாசன் தன் வாயால் சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

"அவர் சொல்லுவார்," என்றாள் தயாளினி. "துடக்குக்குப் பயந்த மனுசன் கற்பூரத்துக்கும் பயப்பிடுவார்."

சாருஜாவுக்குத் தொலைபேசி எடுத்து, வெள்ளிக்கிழமை கோயிலடிக்கு வரச் சொன்னாள். புருசனையும் கட்டாயம் கூட்டி வரவேண்டும், அவர் வராவிட்டால் தானும் வரப்போவதில்லை என்றாள். அந்தச் சாதுவான மனிதன் எதற்கு என்று கனிசியஸ் கேட்டதற்கு, ரோல்ஸ் வாங்கித் தருவார் என்று மட்டும் பதில் வந்தது. பகிடி விடுவது தன்னுடைய வேலை என்று நினைத்திருந்த கனிசியஸுக்கு அது பிடிக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்து சனம் கலைந்துவிட்டது. சமாதானம் பேசலாம் என்று அருட்செல்வன் கூப்பிட்டதை நம்பிக் குகதாசன் வந்தார். வாசலுக்கு வெளியே, தேங்காய் உடைக்கிற கல்லடியில், அண்ணன் மகளைக் கண்டதும் பிள்ளை என்று கையை நீட்டினார். சாருஜா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொடவில்லை.

தயாளினி முன்னுரை வைக்கவில்லை. கனிசியஸ் வாங்கி வந்த கற்பூரத்தைக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினாள்.

"ஐயா, ஒப்பம் வைக்கேக்கை அண்ணை செத்தது தெரியாது எண்டு சத்தியம் பண்ணி, இதைக் கையாலை அடிச்சு நூருங்கோ. நூத்தால் வழக்கில்லை. நாங்கள் போறம், வீடு உங்கடை மருமகனுக்கு."

அருட்செல்வன் திடுக்கிட்டுச் சாருஜாவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள்.

குகதாசன் முதலில் சிரித்தார். கோயில் கும்பிடுகிற இடம், சத்தியத்துக்கான இடமில்லை என்றார். படித்த ஆட்கள் செய்கிற வேலையா இது என்றார். அப்போது தயாளினி ஐஸ்கிறீம் வானைப் பற்றி இரண்டே வசனம் சொன்னாள். மனிதரின் சிரிப்பு நின்றது. கையைத் தூக்கினார். உள்ளங்கை சுவாலைக்கு மேலே வந்தது, கீழே இறங்கவில்லை. உள்ளே மூலஸ்தானத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார், முடியவில்லை. கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது. அவர் கையை இழுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

"கேக்கேல்லை," என்றாள் சாருஜா. "எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ சித்தப்பா. அப்பா செத்துக் கிடக்கிறார் எண்டு தெரிஞ்சுதான் ஒப்பம் வைச்சனீங்களோ?"

"ஓம். தெரிஞ்சுதான் வைச்சனான்."

இதற்காகத்தான் அவள் கடல் கடந்து வந்தாள். கனிசியஸுக்கே உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஏற்பட்டது. வென்றுவிட்டாளே என்று அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒரு நிறைவு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அதைக் குகதாசனும் கண்டார். அவருடைய கண்ணீர் அந்த இடத்திலேயே நின்றுபோனது. தான் விழுந்த குழிக்குள் இன்னொருவரையும் இழுக்க இடமிருக்கிறது என்று கண்ட மனிதரின் முகம் அது.

"என்னை மட்டும் நிப்பாட்டி வைச்சுச் சொல்ல வைச்சிட்டாய்," என்றார். "சந்தோசமோ? ஊருக்கு ஒருத்தருக்கும் சொல்லாமல் மூடி வைச்சனி. பிறகு எனக்கு ஆர் சொன்னது எண்டு ஏன் நீ கேக்கேல்லை? உன்னோடை வந்து நிக்கிறாரே, உவரைக் கேள். திருவிழா அண்டு விடியவே எனக்குப் போன் எடுத்தவர். அறிவித்தல் போட முன்னம் கெதியா எழுதுங்கோ, எனக்குப் பாதி எண்டவர்."

சுபாஸ்கரன் சிரிக்கப் பார்த்தான். மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது, பழியை எங்கேயாவது போடவேண்டும் என்று பிதற்றுகிறார் என்றான். அவன் குரல் அப்போதும் சாதுவாகவே இருந்தது. கனிசியஸ் அதை நம்பவும் விரும்பினான்.

தயாளினி அவனிடம் மிக மரியாதையாகக் கேட்டாள். "நீங்கள் முதல் நாள் எங்கடை கந்தோரிலை இருந்து, சித்தப்பா முழங்கால் ஏலாத மனுசன் எண்டனீங்கள். உவருக்கு முழங்கால் ஒரு நாளும் ஏலாமல் போனதில்லை. திருவிழாவுக்கு நிக்காமல் விட உவர் கட்டின கதை அது. மருமகனுக்கும் கோயில் முகாமையாளருக்கும் மட்டுந்தான் தெரியும். கதை பேச்சில்லாத உங்களுக்கு அதை ஆர் சொன்னது?"

சுபாஸ்கரன் சேட்டுப்பைக்குள் கிடந்த லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தான். பிறகு வந்தது வேறு கதை. எங்கடை பிள்ளைகளை நினைத்துத்தான் செய்தேன் என்றான். நீ ஒரு நாளும் அந்த வீட்டை விற்கச் சம்மதிக்கமாட்டாய் என்றான். மாமாவின் முதுசச் சொத்தில் எனக்கென்று ஒரு சல்லியும் இல்லை, நானும் அந்த மனிதரை எத்தனை வருடம் வைத்துப் பார்த்தவன் என்றான். சொல்லச் சொல்ல அவனுடைய குரலில் இருந்த சாது கழன்றுபோய், பல வருடத்துக் கோபம் ஒன்று வெளியே வந்தது.

குகதாசன் சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அன்றைய கணக்குத் தீர்ந்துவிட்டது. கனிசியஸுக்கு அந்த இரண்டு ரோல்ஸும் இன்னும் நெஞ்சில் நிற்பது போலிருந்தது. சொல்வதற்கு ஒரு பகிடியும் அகப்படவில்லை.

சாருஜா அழவில்லை. புருசனைக் கனநேரம் பார்த்தாள். தகப்பனின் உடலுக்குப் பக்கத்தில் இவன் தன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அந்தக் கையால்தானா தொலைபேசி எடுத்தான் என்று கேட்கிற பார்வை. ஆனால் வாயால் கேட்கவில்லை. அவனிடம் இனிமேல் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அருட்செல்வன் பக்கம் திரும்பி, மனுவை எடுக்கச் சொன்னாள்.

எதிராளிகளாக இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். முதலாவது குகதாசன், இரண்டாவது டிலக்ஷன்.

"மூண்டாவதா இவற்றை பேரையும் போடுங்கோ," என்றாள்.

சுபாஸ்கரன், சாரு என்று ஒரு எட்டு முன்னுக்கு வந்தான். கனிசியஸ் குறுக்கே போய் நின்றுகொண்டான். அருட்செல்வன் பேனையைத் திறந்து பெயரை எழுதினான். அடுத்த இடத்தில் வந்து தயங்கினான்.

"அக்கா, மனுக்காரிக்கு எதிராளி என்ன உறவு எண்டும் எழுதவேணும்," என்றான்.

"இப்போதைக்குக் கணவர் எண்டு எழுதுங்கோ," என்றாள் சாருஜா.

அவன் அப்படியே எழுதினான்.